போலந்து வோட்காவை மற்ற நாட்டு வோட்காக்களோடு வைத்துச் சுவைக்க: எந்தப் புட்டிகள், எந்த வரிசை?

கண்ணாடிக்குவளை எழுதியது:

வணக்கம். ஓட்டல் பார் ஊழியர்கள் எட்டுப் பேருக்கு வோட்காவை மட்டும் வைத்து ஒரு சுவைப் பயிற்சி நடத்த வேண்டும். ஆறு புட்டிகளுக்குத்தான் பட்ஜெட். பாதி போலந்து, பாதி மற்ற நாடுகள் என்று யோசனை.

"வோட்கான்னா உருளைக்கிழங்கு" என்று ஊழியர்களே வாடிக்கையாளரிடம் சொல்கிறார்கள். அது எவ்வளவு தூரம் சரி? லேபிளில் "போலந்து வோட்கா" என்று இருந்தால் அதற்குச் சட்டப்படி ஏதாவது அர்த்தம் உண்டா? ஒரு புட்டியில் ஆல்கஹால் 37.5 சதவீதம், இன்னொன்றில் 40 என்றால் ஒப்பிடுவது நியாயமா? ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கலாமா? எல்லாவற்றுக்கும் மேல், "எல்லாமே ஸ்பிரிட்டும் தண்ணியும்தானே, புட்டிக்குத்தான் காசு" என்று யாராவது சொன்னால் நேர்மையான பதில் என்ன? விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

-----

ஊறல்பானை எழுதியது:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதோடு சேர்ந்ததுதான்.

2020 வரை அமெரிக்க விதி வோட்காவுக்குச் சொன்ன இலக்கணம்: தனித்த குணம், மணம், சுவை, நிறம் எதுவும் இல்லாத ஸ்பிரிட். ஐரோப்பிய ஒன்றிய விதி அப்படிச் சொல்வதில்லை. மூலப்பொருளின் மணமும் சுவையும் தேர்ந்தெடுத்துக் குறைக்கப்பட வேண்டும் என்கிறது. குறைக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, நீக்க வேண்டும் என்று இல்லை. போலந்து வோட்காவின் கதை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ரையில் செய்தது ரை மாதிரி இருக்க வேண்டும், கிழங்கில் செய்தது கிழங்கு மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அங்குள்ள நல்ல வடிசாலைகளின் பிடிவாதம்.

ரை என்றதும் சில மொழிபெயர்ப்புகளில் கம்பு என்று போட்டுவிடுகிறார்கள். நம் கம்பு வேறு பயிர். ரை கோதுமைக்கு நெருங்கிய உறவு. மணற்பாங்கான, சத்துக் குறைந்த, குளிர்ந்த நிலத்திலும் விளையும். போலந்தில் அப்படிப்பட்ட நிலம் ஏராளம், அதனால் ரையும் ஏராளம்.

சட்ட அர்த்தம் நிச்சயம் உண்டு. "போல்ஸ்கா வுட்கா" என்பது பாதுகாக்கப்பட்ட புவிசார் குறியீடு. 2013 ஜனவரி முதல் அதற்குக் கறாரான வரையறை இருக்கிறது: போலந்து மண்ணில் விளைந்த ரை, கோதுமை, பார்லி, ஓட்ஸ், டிரிட்டிகேல் ஆகிய தானியங்களில் ஒன்று, அல்லது உருளைக்கிழங்கு. உற்பத்தி போலந்துக்குள்ளேயே நடக்க வேண்டும். சுவையூட்டாத வோட்காவில் தண்ணீரைத் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது. (டிரிட்டிகேல் என்பது கோதுமையையும் ரையையும் சேர்த்து உருவாக்கிய கலப்பினம்.)

இந்தக் கடைசி நிபந்தனைதான் சுவைக்கும்போது கைகொடுக்கும். ஐரோப்பாவின் பொது விதி வோட்காவில் லிட்டருக்கு 8 கிராம் வரை இனிப்புச் சேர்க்க விடுகிறது. அமெரிக்காவில் லிட்டருக்கு 2 கிராம் சர்க்கரை, 1 கிராம் சிட்ரிக் அமிலம் வரை போடலாம். ரஷ்ய மரபிலும் சர்க்கரை, தேன் போன்றவற்றைச் சிறிதளவு சேர்ப்பது நெடுங்கால வழக்கம். "வழவழப்பா இறங்குது" என்று சொல்லப்படும் பல வோட்காக்களில் அந்த வழவழப்பு தானியத்திலிருந்து வந்ததல்ல.

வீட்டிலேயே பார்க்கலாம். தட்டையான கண்ணாடிச் சாசரில் 5 மில்லி ஊற்றி, காற்றில் தானாக உலர விடுங்கள். அடுப்பு, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம், ஆவி பற்றிக்கொள்ளும். உலர்ந்த இடத்தை விரலால் தொட்டால், இனிப்போ கிளிசரினோ சேர்த்தது பிசுபிசுவென்று ஒட்டும். சேர்க்காதது சுத்தமாக இருக்கும், அல்லது மெல்லிய வெள்ளை வளையம் மட்டும் தெரியும். அந்த வளையம் தண்ணீரின் தாது உப்பு, அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிழங்கு விஷயம்: போலந்திலும் இன்று பெரும்பங்கு தானிய வோட்காதான். காரணம் கணக்கில் இருக்கிறது. கிழங்கில் மாவுச்சத்து ஏறக்குறைய 18 சதவீதம், ரையில் ஏறக்குறைய 60. ஒரு கிலோ மாவுச்சத்திலிருந்து நடைமுறையில் 0.6 லிட்டர் சுத்த ஆல்கஹால் எடுக்கலாம். ஆக ஒரு லிட்டர் 40 சதவீத வோட்காவுக்கு ரை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் போதும். கிழங்கு மூன்றரை முதல் நான்கு கிலோ வேண்டும். அதோடு தானியத்தைச் சிலோவில் கொட்டி ஆண்டு முழுவதும் வடிக்கலாம். கிழங்கு அப்படி நிற்காது. குளிரில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகி, கிழங்கின் சுவாசத்திலேயே செலவாகும், வெதுவெதுப்பில் வைத்தால் முளைவிடும், ஈரம் பட்டால் அழுகும். அறுவடையை ஒட்டிய மாதங்களில் வேலையை முடித்தாக வேண்டும்.

வடிப்பதிலும் இரண்டுக்கும் வேறு வேறு தலைவலி. ரை மாவில் பெண்டோசான் என்ற பசைப்பொருள் அதிகம். மாவைக் கரைத்துச் சூடேற்றினால் கூழ் கெட்டியாகி கலக்கியே திணறும். நொதிக்கும்போது நுரை தொட்டியைத் தாண்டி வழியும். அதனால் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளோடு, பசையை உடைக்கும் சைலனேஸ் நொதியையும் சேர்க்கிறார்கள். அதை விட்டுவிட்டால் ஊறல் சீராகக் குளிராது, அடியில் பிடிக்கும், அந்தத் தீய்ந்த வாடை ஸ்பிரிட்டிலும் ஏறும். கிழங்கில் சிக்கல் பெக்டின். அது உடையும்போது மெத்தனால் வரும். மெத்தனால் கொதிநிலை 65 டிகிரி, எத்தனால் 78. இடைவெளி இருந்தாலும் தண்ணீரோடு கலந்த நிலையில் இரண்டும் எளிதில் பிரியாது, அதற்கென்று தனி வடிகோபுரம் வைக்க வேண்டும். வோட்காவுக்கு ஐரோப்பிய வரம்பு 100 லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 10 கிராம் மெத்தனால். சாதாரண வேளாண் ஸ்பிரிட்டுக்கு 30 கிராம் வரை விடுகிறார்கள். நல்ல கிழங்கு வோட்கா ஏன் விலை அதிகம் என்று வாடிக்கையாளர் கேட்டால் இதைச் சொல்லலாம்.

ஆறு புட்டிகளுக்கு என் தேர்வு: போலந்திலிருந்து வைபரோவா (ரை), லுக்சுசோவா (கிழங்கு), ஷுப்ரூவ்கா (புல் போட்டது). வெளியிலிருந்து ஸ்வீடனின் அப்சலூட் (குளிர்காலக் கோதுமை), ஃபின்லாந்தின் ஃபின்லாந்தியா (பார்லி), பிரான்ஸின் சிராக் (திராட்சை). ஆறிலும் ஆறு வேறு விஷயங்கள் தெரியும். வைபரோவா கிடைக்காவிட்டால் சோபியெஸ்கி போதும், அதுவும் ரைதான். விலை உயர்ந்த புட்டி ஒன்றாவது வேண்டுமென்றால் பெல்வெதேர். டான்கோவ்ஸ்கியே என்ற ரை வகையில் செய்து ஷிரார்தூஃப் ஊரில் தயாராகிறது.

-----

எத்தில்_96 எழுதியது:

ஊறல்பானை சொன்ன சட்டமும் கணக்கும் சரி. ஆனால் ஊழியர்களுக்குச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: இந்த வித்தியாசங்கள் மிக மெல்லியவை.

போலந்தில் வேலை இரண்டு கட்டமாக நடக்கும். கிராமப்புற வடிசாலை ஊறலைக் காய்ச்சி 90 சதவீதம் அளவில் கச்சா ஸ்பிரிட் எடுக்கும், அதற்கு "சுரூவ்கா" என்று பெயர். அதை வாங்கும் பெரிய ஆலை வடிகோபுரங்களில் ஏற்றி 96 சதவீதத்துக்குக் கொண்டுபோகும். பிறகு உப்பு நீக்கிய தண்ணீர், வடிகட்டல், புட்டி. 96-ஐத் தொட்ட ஸ்பிரிட்டில் மிஞ்சியிருப்பது மில்லிகிராம் கணக்கில்தான். ரையின் மிளகுக் காரமோ கிழங்கின் கனமோ அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. இருக்கிறது என்பது உண்மை, கொஞ்சம்தான் என்பதும் உண்மை.

லேபிளில் "ஐந்து முறை வடித்தது" என்று இருந்தால் தரம் உயர்ந்தது என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். தொடர் வடிகோபுரத்தில் ஒவ்வொரு தட்டும் ஒரு வடிப்பு மாதிரி. எத்தனை முறை என்று எண்ணுவதற்கே நிலையான பொருள் இல்லை. வடிகட்டலும் அப்படித்தான். கரியில் ஓடவிடுவது கசப்பையும் கனமான ஆல்கஹால்களின் வாடையையும் எடுக்கும். ஆனால் ஸ்பிரிட் கரியோடு தேவைக்கு மேல் நேரம் கிடந்தால், கரியே எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்ற உதவும். மூக்கில் பச்சை ஆப்பிள் தோலும் வார்னிஷும் சேர்ந்தாற்போல ஒரு குத்தல் வந்தால் அதைச் சந்தேகிக்கலாம்.

நாட்டைச் சொல்லாமல் பொருளைச் சொல்லி ஒப்பிடுங்கள் என்பது என் கருத்து. ஸ்வீடன் கோதுமையையும் பிரான்ஸின் பிகார்டி கோதுமையில் செய்த கிரே கூஸையும் பக்கத்தில் வைத்தால் அவை ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்கும், போலந்து ரையிலிருந்து இரண்டுமே விலகியிருக்கும். போலந்துக்குள்ளேயே ஷோப்பென் நிறுவனம் கிழங்கு, ரை, கோதுமை என்று மூன்றையும் தனித்தனிப் புட்டியில் விற்கிறது. ஒரே கை, மூன்று பொருள். கிடைத்தால் இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. பெல்வெதேரின் ஒற்றைப் பண்ணை ரை வோட்காக்கள் 2018-இல் வந்தன: மேற்கே ஸ்மோகூரி, வடக்கே பார்டென்ஷெக் ஏரிப்பக்கம். ரை வகை ஒன்றே, நிலம் மட்டும் வேறு. அவற்றை வைத்து மண்ணின் பங்கையும் காட்டலாம்.

"புட்டிக்குத்தான் காசு" என்பவருக்குப் பதிலை வாயால் சொல்ல வேண்டாம், சோதித்துக் காட்டுங்கள். முக்கோணச் சோதனை: ஒவ்வொருவருக்கும் மூன்று குவளை, இரண்டில் ஒரே வோட்கா, ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். தெரியவில்லை என்று நழுவ விடக் கூடாது, ஊகித்தாவது ஒன்றைக் காட்ட வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. எனவே எட்டுப் பேரில் ஐந்து பேர் சரியாகச் சொன்னால் போதாது. வெறும் ஊகத்தில் ஐந்தோ அதற்கு மேலோ வர ஏறக்குறைய 9 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஆறு பேர் சொன்னால் அது 2 சதவீதமாக இறங்கிவிடும், வித்தியாசம் தெரிகிறது என்று நம்பலாம். குவளைகளின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். ஊற்றியவர் அறைக்குள் நிற்கக் கூடாது, அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

37.5 எதிர் 40: சரிசெய்யாமல் ஒப்பிட்டால் உங்கள் ஊழியர்கள் கண்டுபிடிப்பது ஆல்கஹாலின் எரிச்சலைத்தான், தானியத்தை அல்ல. 40 சதவீத வோட்கா 100 மில்லிக்கு 7 மில்லி தண்ணீர் சேர்த்தால் 37.5-க்கு இறங்கும். ஐரோப்பாவில் வோட்காவுக்குக் குறைந்தபட்சமே 37.5 என்பதால், ஒரே பிராண்டு ஒரு நாட்டில் 40-ஆகவும் இன்னொரு நாட்டில் 37.5-ஆகவும் விற்பனையாகும். லேபிளைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். அமெரிக்காவில் குறைந்தபட்சம் 40. இந்தியாவில் தயாராவது பெரும்பாலும் 42.8, அதையும் பந்தியில் வைப்பதாக இருந்தால் 100 மில்லிக்கு 14 மில்லி தண்ணீர் ஊற்றித்தான் வைக்க வேண்டும்.

-----

கண்ணாடிக்குவளை எழுதியது:

இருவருக்கும் நன்றி. இன்னும் மூன்று கேள்விகள். ரஷ்ய வோட்கா பட்டியலில் இல்லையே, வேண்டுமென்றே விட்டீர்களா? சிராக் திராட்சை என்றால் அது வோட்காவா, பிராந்தியா? ஷுப்ரூவ்காவை எந்த இடத்தில் ஊற்றுவது?

-----

வெள்ளரித்தொட்டி எழுதியது:

ரஷ்யப் புட்டி கிடைப்பது நீங்கள் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. 2022-இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்ய வோட்கா இறக்குமதியை நிறுத்திவிட்டன. உங்களுக்குக் கிடைத்தால் ரஷ்யன் ஸ்டாண்டர்டு எடுங்கள், குளிர்காலக் கோதுமையில் செய்தது. ஸ்டோலியை (முன்பு ஸ்டோலிச்னாயா) ரஷ்யா என்று எழுதி வைத்துவிடாதீர்கள். இப்போது வெளியே விற்பது லாத்வியாவில் தயாராவது. பெயர் சுருக்கப்பட்டதும் 2022-இல்தான்.

வோட்காவுக்கு 40 சதவீதம் என்ற அளவை ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் கண்டுபிடித்தார் என்பதும் பார்களில் அடிக்கடி கேட்கிற கதை. 1865-இல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலப்பது பற்றி அவர் ஆய்வேடு எழுதியது உண்மை. அதில் வோட்காவுக்கு எந்த அளவையும் அவர் வகுக்கவில்லை. உங்கள் ஊழியர்கள் அதை வாடிக்கையாளரிடம் சொல்லாமலிருப்பது நல்லது.

திராட்சை வோட்காவா என்ற கேள்வி ஐரோப்பிய நாடாளுமன்றத்திலேயே பெரிய சண்டையாக நடந்தது. போலந்து, ஸ்வீடன், ஃபின்லாந்து, பால்டிக் நாடுகள் ஒரு பக்கம்: தானியம், கிழங்கு போன்ற மரபான பொருளில் செய்ததுதான் வோட்கா என்றன. பிரிட்டன் உள்ளிட்ட நாடுகள் மறுபக்கம். ஜெர்மனியைச் சேர்ந்த உறுப்பினர் ஹோர்ஸ்ட் ஷ்னெல்ஹார்ட் முன்வைத்த சமரசம்தான் 2008-இல் சட்டமானது: எதில் செய்தாலும் வோட்கா என்று அழைக்கலாம், ஆனால் தானியமோ கிழங்கோ இல்லையென்றால் எதில் செய்தது என்பதை லேபிளில் சொல்ல வேண்டும். போலந்துத் தரப்பில் இன்றுவரை பலருக்கு இதில் மனக்குறை உண்டு, அது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. பிராந்திக்கு வித்தியாசம் என்னவென்றால், பிராந்தியைக் குறைந்த வீரியத்தில் வடித்து மரப்பீப்பாயில் வைப்பார்கள். திராட்சை வோட்காவை 96 வரை ஏற்றித் தண்ணீர் கலந்துவிடுகிறார்கள். ஆனாலும் மூக்கில் எலுமிச்சைத் தோலும் பழமும் தெரியும். அந்த ஒரு காரணத்துக்காகவே பயிற்சியில் அது இருக்கட்டும்.

ஷுப்ரூவ்கா கடைசியில். அதை நடுவில் வைத்தால் பிறகு வருகிற எதுவும் தெரியாது. பியாவோவியேஷா காட்டுப் பகுதியின் காட்டெருமைப் புல்லின் ஒரு தாள் புட்டிக்குள் நிற்கும். மூடியைத் திறந்ததும் வருவது காய்ந்துகொண்டிருக்கும் புல்லின் மணம், கூடவே வெனிலாவும் லேசாகப் பாதாமும். மணத்துக்குக் காரணம் புல்லில் உள்ள கூமரின் என்ற வேதிப்பொருள். அமெரிக்கா 1954-இல் உணவில் கூமரின் சேர்ப்பதைத் தடை செய்ததால், அங்கே விற்பது கூமரின் நீக்கிய வேறு வடிவம். வாங்கும்போது கவனிக்க வேண்டியது: "ஷுப்ரூவ்கா பியாவா" என்று இருந்தால் அது புல் இல்லாத வெறும் வெள்ளை வோட்கா. பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. புட்டிக்குள் புல் தெரிகிறதா என்று பாருங்கள். போலந்தில் இதை 50 மில்லிக்கு 150 மில்லி ஆப்பிள் சாறு என்று கலந்து குடிப்பார்கள். கலங்கலான, சர்க்கரை சேர்க்காத சாறாக இருக்கட்டும்.

இனி நடத்தும் முறை. புட்டிகள் எல்லாம் 10 முதல் 12 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அறை வெப்பத்தில் இருபது நிமிடம் விட்டால் கிட்டத்தட்ட அந்த நிலைக்கு வரும். ஃப்ரீசர் பயிற்சிக்கு வேண்டவே வேண்டாம். 40 சதவீத வோட்கா உறைய மைனஸ் 27 வரை போக வேண்டும் என்பதால் மைனஸ் 18-இல் புட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் திரவம் பாகு மாதிரி கனத்து, மணம் அடங்கி, நல்லதும் கெட்டதும் ஒன்றாகிவிடும். மோசமான வோட்காவை மறைக்க ஃப்ரீசர்தான் மிக மலிவான வழி. பரிமாறும்போது வேறு கணக்கு: கிழங்கு வோட்காவுக்கு அந்தக் கனம் அழகு, ஃப்ரீசரில் வைக்கலாம். ரையை ஃப்ரிட்ஜோடு நிறுத்துங்கள், இல்லையென்றால் அதன் காரம் வீண்.

வாய் குறுகிய டூலிப் குவளையில் ஆளுக்கு 15 மில்லி. முதலில் நீர் சேர்க்காமல் முகர வேண்டும், மூக்கை உள்ளே விடாமல் விளிம்பில் வைத்து, வாயைச் சற்றுத் திறந்தபடி. பிறகு ஒரு சிறு மிடறு, நாக்கில் ஐந்து வினாடி, துப்பிவிட வேண்டும். ஆறு வகையையும் விழுங்கினால் 90 மில்லி ஆகிவிடும், நான்காவதற்குப் பிறகு யார் சொல்வதையும் நம்ப முடியாது. அடுத்து, மிச்சத்தில் அதே அளவு ஆர்ஓ தண்ணீர் ஊற்றி 20 சதவீதம் அளவுக்கு இறக்கி மறுபடி முகருங்கள். எரிச்சல் அடங்கியதும் தானியம் வெளியே வரும். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் கூடாது. கடினநீர் சேர்ந்தால் கலங்கும், உப்புச் சுவையும் ஏறும்.

வரிசை: அப்சலூட், ஃபின்லாந்தியா, சிராக், வைபரோவா, லுக்சுசோவா, ஷுப்ரூவ்கா. கோதுமையின் மென்மை முதலில் வந்தால்தான் பார்லியின் வறட்சி தெரியும். ரையில் தேட வேண்டியது கம்பு ரொட்டி வாசனை இல்லை, கறுப்பு ரை ரொட்டியின் மேல்தோல் வாசனை. விழுங்கும் இடத்தில் மிளகு மாதிரி ஒரு சுருக். கிழங்கில் மணம் குறைவு, நாக்கில் வெண்ணெய் தடவினாற்போன்ற கனம், பின்னால் லேசான மண்வாசம். இடையில் வாயைச் சுத்தம் செய்ய உப்பில்லாத வெள்ளை ரொட்டியும் தண்ணீரும் போதும், காபி வேண்டாம்.

பயிற்சி முடிந்த பிறகு போலந்துக்காரர் மேசை எப்படி இருக்கும் என்று காட்ட நினைத்தால் 50 மில்லி சிறு குவளை, ஹெர்ரிங் மீன், "ஓகூர்கி கிஷோனே" என்ற, உப்புநீரில் புளிக்கவைத்த வெள்ளரி. வினிகர் வெள்ளரி இதற்கு ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் அயோடின் கலக்காத உப்பு, பூண்டு, சோயிக்கீரைத் தண்டு. வெள்ளரி முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். நான்கைந்து நாளில் புளித்துவிடும். மேலே மிதந்தால் பூஞ்சை பிடிக்கும்.

-----

எத்தில்_96 எழுதியது:

வெள்ளரித்தொட்டி சொன்ன வரிசையில் ஒரே மாற்றம்: சிராக்கை மூன்றாவதாக ஊற்றாமல், ஷுப்ரூவ்காவுக்கு முன்னால் வையுங்கள். பழவாசனை ரையைக் கொஞ்சம் மறைக்கும்.

போலந்திலிருந்து யாராவது வாங்கிவருவதாக இருந்தால் இன்னொன்று. "ஸ்பிரிடுஸ்" என்று 95 சதவீத ஸ்பிரிட் கடைகளிலேயே கிடைக்கும், ஆர்வத்தில் வாங்கிவிடுவார்கள். 70 சதவீதத்துக்கு மேல் எதையும் விமானத்தில், எந்தப் பையிலும், கொண்டுவர முடியாது. 24 முதல் 70 வரை உள்ளவை சீல் உடைக்காத புட்டியில் ஆளுக்கு 5 லிட்டர் வரை ஏற்றலாம். இந்தியாவுக்குள் வரியில்லாமல் கொண்டுவர அனுமதி ஆளுக்கு 2 லிட்டர்.

அங்கேயே வசிக்கிறவர்கள் அந்த ஸ்பிரிட்டை இறக்க வேண்டுமென்றால் நேர்க்கணக்கு போடக் கூடாது. ஒரு லிட்டர் 95-ஐ 40-க்குக் கொண்டுவர 1.375 லிட்டர் தண்ணீர் என்று தோன்றும். ஊற்ற வேண்டியது ஏறக்குறைய 1.44 லிட்டர். ஆல்கஹாலும் தண்ணீரும் கலக்கும்போது கனஅளவு சுருங்கும், அதனால்தான். கலந்ததும் சூடாகும், குமிழ் வரும். மூடி வைத்து ஒரு வாரம் கழித்துச் சுவைத்தால்தான் முரட்டுத்தனம் தணிந்திருக்கும். அடுப்பு எரியும் சமையலறையில் இதைச் செய்ய வேண்டாம்.

-----

ஊறல்பானை எழுதியது:

சிராக் இடமாற்றம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். கண்ணாடிக்குவளை, முக்கோணச் சோதனைக்கு அப்சலூட்டையும் வைபரோவாவையும் ஜோடி சேருங்கள். அப்சலூட்டையும் ஃபின்லாந்தியாவையும் சேர்த்தால் கடினமாகிவிடும், முதல் நாளே சோர்ந்துபோவார்கள். புட்டி வாங்கும்போது பின் லேபிளில் மூன்று சொற்களைத் தேடுங்கள்: "ஷிட்டோ" ரை, "ஜெம்னியாக்" கிழங்கு, "ப்ஷெனிட்சா" கோதுமை. மூன்றும் இல்லாமல் வெறுமனே "ஸ்போஷே" என்று இருந்தால் தானியம் என்று மட்டுமே பொருள். எந்தத் தானியம் என்று தெரியாத புட்டி பயிற்சிக்கு உதவாது.